தன் விடையைத் தானே திருத்திய கருவி

அலுவலகத்தில் அவளுக்குக் கறார் என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள். ஊரார் எழுதும் மென்பொருளை, யாரும் எளிதாக நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜ் போட்டுப் பொதுத் தொகுப்பில் சேர்ப்பது அவள் வேலை. அவள் பட்டியல் போட்டுக் கொடுக்கும் துணை மென்பொருட்களை மட்டும் வைத்து, வேறெதுவும் இல்லாத ஒரு வெற்று மெஷின் அதை முதலிலிருந்து கட்டும். கட்டி, சோதனையிலும் தேறினால் தொகுப்புக்கு உள்ளே. தேறாவிட்டால் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வெளியே.

அன்று வந்தது அவளுடைய சொந்த அண்ணன் எழுதிய கருவி. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால், எவ்வளவு பெரிய கோப்பிலும் வேண்டிய வரிகளைப் பொறுக்கி, வெட்டி, ஒட்டித் தரும். வேலை போய் வீட்டில் முடங்கிய மனுஷன் உயிரைக் கொடுத்து எழுதியது. மறுநாள் அவனுக்கு ஒரு நேர்காணல். தொகுப்பின் இந்த வெளியீட்டில் கருவி வந்துவிடும் என்று அங்கே வாக்குக் கொடுத்திருந்தான். வெளியீட்டின் கதவு அன்று மாலையே மூடுகிறது.

கருவி சோதனையில் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டால், என் மெஷினில் ஓடுகிறதே என்ற அதே பழைய பாட்டு. பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்கே அது கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கடைசியில் பிடித்தாள். சோதனைக்கான சரியான விடைகளைத் தயாரிக்க, தன் மெஷினில் கிடந்த கருவியின் பழைய பிரதியையே அவன் கூப்பிட்டிருந்தான். தானே பரீட்சை எழுதி, தானே திருத்தி, நூற்றுக்கு நூறு. வெற்று மெஷினில் அந்தப் பிரதி ஏது? அவள் வேறொரு கருவியால் விடை தயாரித்துப் பார்த்தாள். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணா, முடிவுல என்டர் தட்டாத கோப்பு வந்தா உன் கருவி கடைசி வரிய முழுங்கிடுது."

அவன் நம்பவில்லை, கத்தினான், பிறகு கெஞ்சினான். அவ்வளவு ஆழத்தில் இருப்பதை மாலைக்குள் சரிசெய்ய முடியாது என்பது இருவருக்குமே தெரியும்.

"பழைய பிரதிய உள்ள வெச்சு அனுப்பிடு. யாரு பாக்கப் போறா? நான் உன் அண்ணன்டி."

வைத்தால், இரண்டும் ஒரே தப்பைச் செய்து தேறிவிடும். யாரும் பார்க்கப் போவதில்லை என்பதும் நிஜம். செய்துவிடு என்றுதான் மனசுக்குள் சொன்னேன், பொய் சொல்வானேன்.

"அண்ணன்ங்கறதாலதான் போன் பண்ணேன். மத்தவங்களுக்கு மெயில் மட்டுந்தான் போகும்" என்றாள். நிராகரிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

அவன் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அவனே ஓட்டிப் பார்க்கிறான் என்று புரிந்தது.

"நெஜமாவே கடைசி வரி காணோம்டி. நாளைக்கு அவங்க குடுக்கற கோப்ப, அவங்க கண்ணு முன்னாடியே ஓட்டிக் காட்டறதா இருந்தேன்" என்றான்.

அவள் மேசையில் முகம் கவிழ்த்து அழுதாள்.