இடப்பக்கத்துக்காரி

அந்தப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் புத்தகம் எதை விரித்தாலும் இடப்பக்கம் தமிழ் இருக்கும், வலப்பக்கம் ஆங்கிலம் இருக்கும். இரண்டும் வரிக்கு வரி முகம் பார்த்துக்கொண்டு நிற்கும். இடப்பக்கம் முழுக்க ஒருத்தியின் பொறுப்பு. ஒன்றிரண்டு வருஷமல்ல, இருபத்திரண்டு வருஷமாக. க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் உட்காரவைத்துச் சொல்வாள் என்பதால் 'ஒற்று' என்று பெயர் விழுந்துவிட்டது. இளையவர்கள் அதோடு அக்காவைச் சேர்த்து 'ஒற்றுக்கா' என்றார்கள். காதில் விழுந்த அன்றைக்கே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"ஒற்றுக்கா இல்ல. ஒற்றும் அக்காவும் சேர்ந்தா ஒற்றக்கா. கிண்டல் பண்றதையாவது பிழையில்லாம பண்ணுங்க."

அன்றிலிருந்து அவள் ஒற்றக்கா.

முன்பெல்லாம் வலப்பக்கத்தை ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பார்த்துவந்தார். நல்ல மனுஷர். ஒவ்வொரு வரிக்கும் படியேறி வந்து, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்பார். அதனால் பெயருக்குத்தான் அவள் இடப்பக்கத்துக்காரி. உண்மையில் இரண்டு பக்கமும் அவள் சொன்னபடிதான் நடந்தது. அவர் கண்புரை வந்து நின்றுகொண்டார். அவர் இடத்துக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். முப்பது, முப்பத்தொன்று இருக்கும். காலில் சத்தமே வராத செருப்பு, காதோரம் எப்போதும் செருகியிருக்கும் பச்சைப் பென்சில். அவளை எல்லோரும் 'வலப்பக்கம்' என்றார்கள்.

வலப்பக்கம் படியேறி வந்து அர்த்தம் கேட்கவில்லை. அங்கேதான் தொடங்கியது.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவளாக இருந்திருந்தால் ஒற்றக்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தமிழும் நன்றாக வந்தது. வந்த மூன்றாம் மாதம், ஜன்னல் இருந்த அறையை அவளுக்கு ஒதுக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் இயக்குநர் அந்த அறைக்குத்தான் கூட்டிப்போனார். புத்தக அட்டையில் மொழிபெயர்ப்பு என்று அவள் பெயர் வந்தது. இடப்பக்கத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தவளின் பெயரோ உள்ளே, பதிப்புரிமைப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், தாள் விவரத்துக்கும் மை விவரத்துக்கும் நடுவில்.

ஒற்றக்கா சண்டை போடவில்லை. சண்டை போட்டால் வெளியே தெரிந்துவிடும். வலப்பக்கம் அனுப்பும் மெயில்களுக்கு முதலில் தாமதமாகப் பதில் போட்டாள். பிறகு ஒற்றை வரியில் போட்டாள். கடைசியில் திறப்பதையே விட்டுவிட்டாள். அந்தப் பெயர் திரையில் கறுப்பாக, திறக்கப்படாமல் வரிசை கட்டி நிற்பதில் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது.

வீட்டில் மூன்று பேர். புருஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு. ஒருநாள் மகளின் பையில் சாவி தேடும்போது ஆங்கிலத்தில் அச்சடித்த கட்டுரை ஒன்று கையில் தட்டுப்பட்டது. ஓரமெல்லாம் பச்சைப் பென்சில் குறிப்பு.

"இது யாருடி பாத்துக் குடுத்தது?"

"உங்க ஆஃபீஸ் அக்காதான். லைப்ரரில பாத்தேன், கேட்டேன். அவங்க ரொம்ப ஸ்வீட்மா. ஒரு மணி நேரம் உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க."

"எங்கிட்டக் காட்டணும்னு உனக்குத் தோணலையா?"

மகள் வெள்ளந்தியாகச் சொன்னாள்: "நீ தமிழ் பாக்கறவதானேம்மா."

ஒற்றக்கா சாவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள். புருஷன் வாசலில் நின்று பார்த்தார்.

"உனக்கு ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமா? உள்ள என்னமோ புகையுது."

"போங்க அந்தப் பக்கம்."

இந்த நிலைமையில்தான் கலங்கரை விளக்கத்துக்காரரின் புத்தகம் வந்தது. முப்பது வருஷம் ஒரு பாறைமேல் தனியாக இருந்து விளக்கைப் பார்த்துக்கொண்ட மனுஷர். பதினொரு நோட்டுகளில் நாட்குறிப்பு எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனார். காற்று எந்தப் பக்கம், எத்தனை கப்பல் கடந்தது, கண்ணாடியில் மோதி எந்தப் பறவை விழுந்தது, அவ்வளவுதான் எழுதியிருந்தார். ஆனால் படிக்கப் படிக்க ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் எழுத்து. அவருடைய தம்பி மகன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நோட்டுகளைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்திருந்தார்.

நோட்டுகளின் படங்களைத் திரையில் வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் ஒற்றக்கா அந்தக் கையெழுத்தைப் பெயர்த்தெழுதினாள். பழைய எழுத்து. னை, ளை எல்லாம் தலைக்குமேல் யானைத் துதிக்கை மாதிரி கொம்பு தூக்கி நிற்கும். அதைப் படிக்க அந்தக் கட்டடத்தில் அவளை விட்டால் ஆளில்லை என்று அவள் நம்பினாள். மற்றவர்களும் நம்பினார்கள். அவள் எழுதிக்கொடுத்ததை வைத்து வலப்பக்கம் மொழிபெயர்த்தாள்.

கடைசி புரூஃப் வந்தது. 142ஆம் பக்கம், இடதில்: 'மகனை நினைத்தேன். கண்ணாடி துடைத்தேன்.' நேர் எதிரே 143இல், ஆங்கிலத்தில், மகள் என்று இருந்தது.

ஒற்றக்கா இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை விரலை வைத்துப் பார்த்தாள். மகள்தான். மகனை மகளாக்கிவிட்டிருந்தாள் அந்த மகராசி. ஒரு சிவப்புக் கோடு போட்டால் போதும். பேனாவைத் திறந்தாள். திறந்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

இப்போது சொன்னால் திருத்திவிடுவார்கள். "தேங்க்ஸ்க்கா" என்று சிரிப்பாள். அத்தோடு முடிந்துபோகும். அச்சான பிறகு சொன்னால்?

என் பக்கத்தில் பிழை இல்லையே என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மூன்று வாரம் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை. துணி மடிக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். "என்ன, சம்பளம் கிம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று புருஷன் கேட்டதற்குக்கூடச் சிரித்தாள்.

அச்சாகி மடித்த தாள்கள் தைக்கப்படாமல் கட்டுக்கட்டாக வந்தன. பைண்டிங்குக்குப் போகுமுன் குடும்பத்தார் ஒருமுறை பார்க்கட்டும் என்று இயக்குநர் பஸ் டிரைவரை அழைத்திருந்தார். கூட்ட அறையில் நான்கு பேர். டிரைவர் தாள்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றக்கா தொண்டையைச் செருமினாள்.

"ஒரு சின்ன சந்தேகம் சார். 142 எடுங்க. மூலத்துல மகன்னு இருக்கு. எதிர்ப்பக்கத்துல எப்படி மகளாச்சுன்னு எனக்குப் புரியல."

இயக்குநர் எடுத்தார். முகம் சுண்டியது. வலப்பக்கம் வாயைத் திறந்தாள், ஒற்றக்காவை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டாள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் ஒற்றக்கா மூன்று வாரம் காத்திருந்தாள். ஆனால் அடுத்துப் பேசியது டிரைவர்.

"மகனா? யாருக்கும்மா மகன்?"

"உங்க பெரியப்பாவுக்கு."

"பெரியப்பாவுக்கு ஏது மகன்? ஒரே ஒரு பொண்ணுதான். ஆறு வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு. அதுக்கப்புறந்தான் அந்தப் பாறைக்கு வேலை மாத்திக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. முப்பது வருஷம் பதினொரு நோட்டுல அந்தப் பிள்ளையைப் பத்தி இந்த ஒரு எடத்துலதான் எழுதியிருக்காரு. அந்த ஒரு வரி அச்சுல வரணும்னுதாம்மா நான் நோட்டைக் குடுத்தேன்." வலப்பக்கத்தின் பக்கம் கைகாட்டினார். "இந்தப் பொண்ணு போன்ல கேட்டப்பவே சொன்னேனே."

அவர் குரலில் கோபமில்லை. தாளை மட்டும் மெதுவாகக் கீழே வைத்தார்.

இயக்குநர் வலப்பக்கத்தைப் பார்த்தார். "தெரிஞ்சும் ஏம்மா நீ தமிழ்ப் பக்கத்துக்குச் சொல்லல?"

"இன்னொரு தடவை நினைவுபடுத்தியிருக்கணும் சார். விட்டுட்டேன்."

ஒற்றக்காவுக்கு நெஞ்சில் கொள்ளிக்கட்டையை வைத்தாற்போல இருந்தது. மாட்டிவிடலாம் என்றிருந்த இடத்தில் அவள் தாங்கிப்பிடிக்கிறாள். பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொண்டுவிட்டாள்.

மேஜைக்குத் திரும்பி, கறுப்பாக நின்ற பதினேழு மெயில்களைத் திறந்தாள். ஐந்தாவதில் இருந்தது, நாலு மாதத்துக்கு முந்தைய தேதி: 'அக்கா, பக்கம் 142இல் மகளை என்றுதான் எனக்குப் படுகிறது. குடும்பத்தாரையும் கேட்டேன், அவர்களும் மகள் என்கிறார்கள். ஆனால் பழைய எழுத்தில் உங்கள் கண்தான் கண். ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.'

நோட்டின் படத்தைப் பெரிதாக்கினாள். கொம்புக்கு அடியில் இருந்தது ள. சந்தேகமே இல்லாத, கால் நீட்டி உட்கார்ந்த ள. பதினான்கு மாதம் அந்த மனுஷரோடு தனியாக இருந்து, எப்படியோ அவருக்கு ஒரு மகனை அவளாகவே பெற்றுக்கொடுத்திருந்தாள்.

நாலு மணிக்கு இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் 142 வரும் தாளின் பதினாறு பக்கத்தை மட்டும் திரும்ப அச்சடிக்க மேலிடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"காரணம் கவனக்குறைவுன்னு போட்டுடறேன். விடுங்க, யாருக்கும் வர்றதுதான்."

"போடுங்க சார். ஆனா அது இல்ல காரணம்."

"பின்ன?"

"ரெண்டு பக்கமும் ஒத்துப்போகலன்னு புரூஃப்லயே பாத்தேன். அந்தப் பொண்ணு மாட்டட்டும்னு பேசாம கையெழுத்துப் போட்டேன்."

இயக்குநர் பேனாவை மூடினார். "ஏம்மா இப்படி?"

"பொறாமை சார்."

அந்தச் சொல்லுக்கு அலுவலகப் படிவத்தில் இடமில்லை. கவனக்குறைவு என்றே எழுதினார். ஆனால் அடுத்த பெரிய புத்தகத்தின் இடப்பக்கத்தை வெளியாள் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு அவளைத் தேர்வு அறிவிப்பும் சேர்க்கைக் கையேடும் பார்க்கச் சொன்னார்.

அன்றைக்கே வலப்பக்கத்தின் அறைக்கும் போனாள். உட்காரவில்லை.

"எனக்கு உன்னைப் பாத்தாலே எரியும். நாலு வருஷமா."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"மத்தவங்க மெயிலுக்கு அரை நாள்ல பதில் போடுவீங்க. எனக்கு மட்டும் வராது. எல்லாருக்குமே தெரியும்."

ஒற்றக்காவுக்குக் காது சூடானது. நாலு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததாக நினைத்தது ஊருக்கே தெரிந்திருக்கிறது.

"அப்புறம் ஏன் அங்க என்னைக் காப்பாத்தின?"

"உங்களை எங்க காப்பாத்தினேன்? அங்க வாயைத் திறந்திருந்தா நாலு வருஷத்தையும் சேத்துக் கொட்டியிருப்பேன். அந்தப் பெரியவர் முன்னாடி வேண்டாம்னுதான் மூடிக்கிட்டேன். எனக்குக் கோவம் இன்னும் போகலக்கா. இப்பவும் இருக்கு."

அதைக் கேட்டதும்தான் ஒற்றக்காவுக்குச் சீராக மூச்சு வந்தது. இவள் தெய்வப்பிறவி ஒன்றும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினேழு மெயிலுக்கும் அங்கேயே வாயால் பதில் சொன்னாள். அவற்றில் மூன்று இடத்தில் வலப்பக்கம் சொன்னதுதான் சரி. இரண்டு இடத்தில் ஆங்கிலம் தப்பு என்று ஒற்றக்கா காட்டினாள்; அந்த இரண்டையும் கொஞ்சம் சத்தமாகவே காட்டினாள்.

புத்தகம் வந்தது. டிரைவர் ஐந்து பிரதி வாங்கிப்போனார். பத்திரிகை மதிப்புரை இரண்டு பத்தி முழுக்க மொழிபெயர்ப்பைக் கொண்டாடியது. தமிழுக்கு அரை வாக்கியம். ஒற்றக்காவுக்குப் பழையபடி வயிறு எரிந்தது. அது போகவில்லை, போகும் என்று அவளும் நினைக்கவில்லை. மகள் அடுத்த கட்டுரையையும் வலப்பக்கத்திடம்தான் கொண்டுபோனாள். ஒற்றக்கா அதை வாங்கிப் படித்துப் பார்த்து, கடைசிப் பத்தி தேவையில்லை என்றாள். மகள் முறைத்தாள். ஆனால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டாள்.

ஆறு மாதம் கழிந்து, நீரிழிவுக்காரர்களுக்கான இருமொழிக் கையேடு ஒன்று ஒற்றக்காவின் மேஜைக்கு வந்தது. அந்தச் சமயம் பார்த்து வலப்பக்கத்தை ஒரு மாதப் பயிற்சிக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம்! இருபத்திரண்டு வருஷத்தில் ஒற்றக்காவைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குக்கூட யாரும் அனுப்பியதில்லை. போதாததற்கு, அவள் வரும்வரை கையேட்டின் வலப்பக்கத்தையும் இவளே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, பதினொரு சந்தேகங்களை எழுதி அனுப்பினாள். மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. கூடவே ஒரு படம்: பனி மூடிய பாலத்தின்மேல், கம்பளிக் குல்லாயோடு, மூக்குச் சிவந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஒற்றக்கா 'படம் நன்றாக இருக்கிறது' என்று தட்டினாள். ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அழித்துவிட்டு, 'எரியுது' என்று தட்டினாள். கீழே பன்னிரண்டாவது சந்தேகத்தையும் எழுதி அனுப்பினாள்.