ஒரு சீட், மூன்று கார்டியன்

அது தொண்ணூற்றேழாம் வருடம். திருவனந்தபுரத்தில் ஜூன் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பெண்களுக்கான ஐ.டி.ஐ. ஒன்றில் எலக்ட்ரீஷியன் படிப்புக்கு எனக்கு இன்டர்வியூ வந்திருந்தது. ஃபேன், மிக்ஸி என்று எது கிடைத்தாலும் பிரித்துப் பார்க்கிற கை எனக்கு. மார்க்கும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அப்பாவோ அம்மாவோ, அவர்கள் இல்லாவிட்டால் கார்டியன் ஒருவரோ நேரில் வந்து பொறுப்பேற்க வேண்டும். யாரும் வராவிட்டால் சீட் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

நான் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். கட்டட வேலைக்காக நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் எனக்கு விவரம் தெரியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பதினெட்டு வயது முடிந்ததும் இல்லத்தின் பொறுப்பும் முடிந்துவிடும். மற்றவர்கள் கேக் வெட்டுகிற நாளில் நான் பெட்டி கட்டினேன். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் ஒரு மாமி வீட்டில் தங்கிக்கொண்டு அவருக்கு ஒத்தாசை செய்தேன். பகலில் பக்கத்துத் தெருவில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரின் டீக்கடையில் வேலை.

கார்டியனாக வரச் சொல்லி முதலில் மாமியிடம்தான் கேட்டேன். "நேக்கு முட்டி வலிக்கறதுடி. பாக்கலாம், போ" என்றார். அப்போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இல்லத்துக்கு வந்து எங்களோடு போட்டோ எடுத்துக்கொண்ட பெரிய மனிதர்கள் எல்லோரும் கிளம்பும்போது "பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்கள். அப்புறம் அவர்கள் முகத்தை எங்கே பார்த்தோம்? எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "கடைய யாரு பாக்கது? ம்ம், பாப்போம்" என்று டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் இல்லத்தில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட சேச்சியிடம் போனேன். "மோளே, உச்சைக்குச் சோறு ஆக்கணுமே. நோக்கட்டே" என்றார் அவர். மத்தியானச் சோறு ஆக்க வேண்டுமாம்; மலையாளத்திலும் அதே 'பார்க்கலாம்'தான். ஒருவரிடம் கேட்டதை அடுத்தவரிடம் நான் மூச்சு விடவில்லை.

இன்டர்வியூ அன்று விடியற்காலையிலேயே மாமியைக் காணவில்லை. கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினேன். ஐ.டி.ஐ. வராந்தாவில் ஒவ்வொரு பெண்ணும் அப்பாவின் குடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "ரக்ஷாகர்த்தாவு எவிடே?" என்றார். கார்டியன் எங்கே என்கிறார். யாரும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இந்தா இருக்கம்லா!" என்று வாசலில் ஒரு குரல். வெள்ளை வேட்டி சட்டையில் அண்ணாச்சி. பனியனைத் தவிர வேறெதிலும் அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் உள்ளே கால் வைப்பதற்குள், "நகருங்கோ, நகருங்கோ" என்று பட்டுப்புடவையில் மாமி. குலதெய்வத்துக்கு விளக்குப் போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் மழையில் தெப்பமாக நனைந்து சேச்சி.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூவரையும் பார்த்தார். "ஒராள் மதி. ஒரு ஆள் போதும். இதுல யாரு?"

"நான்" என்றார்கள் மூவரும்.

"எங்காத்துக் கொழந்தையாக்கும்" என்றார் மாமி.

"எங்க ஊருப் பிள்ள சார். நீங்க என்ன மாமி இடையில?" என்றார் அண்ணாச்சி.

"நான் சோறு கொடுத்து வளர்த்த மோளு" என்று சேச்சி இருவரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. அதிகாரி எங்கள் கலவைத் தமிழிலேயே கேட்டார். "சரி, நாளைக்கு இவளுக்கு ஷாக் அடிச்சா யாரை விளிக்கணும்?"

"வாயக் கழுவுங்க சார்!" என்று அண்ணாச்சி பாய்ந்த பாய்ச்சலில் அறையே சிரித்தது.

மூவரில் வீட்டில் டெலிபோன் இருந்தது மாமிக்கு மட்டும்தான். அதனால் மாமி கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சியின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டு, சாட்சியாக அவரும் சேச்சியும் கீழே போடலாம் என்றார் அதிகாரி. படிவத்தில் சாட்சிக்கு இடம் இருந்ததோ, அவராகவே உண்டாக்கினாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. சீட் கிடைத்துவிட்டது.

வெளியே வந்ததும் அண்ணாச்சி மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்தார். கடையில் போட்ட பழம்பொரி, இன்னும் லேசாகச் சூடு இருந்தது. வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மாமி ஒரு கணம் யோசித்தார். பிறகு, "வாழைப்பழம்தானே, தோஷமில்லை" என்று எடுத்துக் கடித்தார். இரண்டாவதும் எடுத்தார். மழை விடும்வரை நாங்கள் நால்வரும் அந்த வராந்தாவில் உட்கார்ந்து அரட்டை அடித்தோம். அவ்வளவு சந்தோஷமான சாப்பாடு என் கல்யாணத்தில்கூட இல்லை.

இப்போது நான் வீடுகளுக்கு வயரிங் எடுத்துச் செய்கிறேன். அதே இல்லத்திலிருந்து யாராவது ஒரு பெண் மேற்படிப்புக்கு அட்மிஷன் போகிறாள் என்றால், வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுவேன். கணவரையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டுதான் போவேன். ஒரு ஆள் போதுமே என்று இவர் ஒவ்வொரு முறையும் சலித்துக்கொள்வார். கையெழுத்துப் போட ஒரு ஆள் போதும்தான்; ஆனால் தனக்கென்று யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு நிற்கிற பெண் திரும்பிப் பார்க்கும்போது, வாசல் அடைக்கிற மாதிரி ஆட்கள் நிற்க வேண்டும்.