போத்தலின் அடியில் நின்ற தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூட வான் ஒரு ரயில் கடவையில் நின்றுபோனதைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி செபக்குழுவில் பலர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ரயில். நான் சொல்ல வந்ததோ அதற்குப் பிறகு நடந்த ஒரு அற்ப விஷயம். இதை வாசித்து முடிக்கும்போது என்னைப் பற்றிய உங்கள் நல்லெண்ணம் மிஞ்சாது. எனக்கே மிஞ்சவில்லை.

நாங்கள் இளவாலை. இவர், என் கணவர், பள்ளிக்கூட வான் ஓட்டுகிறார். பழைய டீசல் வான். பதினொரு பிள்ளைகள், அவர்களில் ஒருத்தி முதலாம் ஆண்டு படிக்கும் எங்கள் மகள். பிள்ளைகளை ஏற்றி இறக்க நானும் கூடப் போவேன். போன வருஷம் மழை தொடங்கிய காலத்தில் எஞ்சின் மிஸ் பண்ணத் தொடங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று முழு வானும் உலுக்கும், வெள்ளைப் புகை தள்ளும், நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். கராச்சுக்குக் கொண்டுபோனால் அங்கே தங்கமாக ஓடும்.

கராச் வைத்திருப்பவர் குகன் அண்ணை. இருபத்தைந்து வருஷ அனுபவம் என்பார். இருபத்தைந்து வருஷமாக ஒரு பெண் சொன்னதைக் காதில் போட்டிருக்க மாட்டார். டாஷ்போர்டில் ஒரு சின்ன மஞ்சள் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“அது சென்சர் பிழை, தங்கச்சி. பழைய வானுக்கு உதெல்லாம் சும்மா எரியும்.”

சொல்லிவிட்டு அடியில் கையை விட்டு வயரைக் கழற்றினார். லைட் அணைந்தது. நோயையே மாற்றிவிட்ட டொக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டார். டீசல் பில்டரை மாற்றினார். பழையதற்குள் என்ன இருந்தது என்று பார்க்காமல் வாளிக்குள் எறிந்தார். மூன்று கிழமை ஓடியது. பிறகு பழைய கதை. இன்ஜெக்டர் கழுவினார். பலனில்லை. திரும்பவும் பில்டர். திரும்பவும் மூன்று கிழமை.

வான் நிற்கும் ஒவ்வொரு முறையும் நாள், இடம், டாங்கியில் எவ்வளவு டீசல் என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். அதைக் குகன் அண்ணையிடம் நீட்டினேன்.

“என்ன தங்கச்சி, வானுக்கும் கிளினிக் கொப்பியோ? எப்ப தடுப்பூசி?”

கராச்சில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டேன்.

செபக்குழுவில் மேரி அக்கா காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். “கண்ணூறு, பிள்ளை. ஆரோ செய்வினையும் செய்துபோட்டினம். பதினொரு பிள்ளை ஏறுகுதெண்டா ஆருக்குத்தான் வயிறு எரியாது?”

பட்டப்படிப்பு முடித்தவள் நான். மேரி அக்காவின் மூடத்தனத்தை நினைத்து உள்ளுக்குள் இகழ்ந்தேன். கோயிலில் பக்கத்தில் முழந்தாளிடக்கூட மனம் வரவில்லை. அந்த இகழ்ச்சியை மறந்துவிடாதீர்கள்.

பிறகுதான் அந்தக் கடவை. தண்டவாளத்தில் ஏறும்போது வான் குலுங்கியது, இரண்டு தரம் உலுக்கியது, நின்றது. முன் சில்லுகள் அந்தப் பக்கம், பின் சில்லுகள் இந்தப் பக்கம். மணி அடிக்கத் தொடங்கியது. நான் கதவை இழுத்தேன். மழையில் ஊறிய கதவு இறுகிக் கிடந்தது. இவர் முதல் கியரில் போட்டு, கிளச்சில் இருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் சுத்தினார். எஞ்சின் உயிர்க்கவில்லை. ஆனால் பற்றரியின் பலத்தில் வான் துள்ளித் துள்ளி முன்னே நகர்ந்தது. தண்டவாளத்தைத் தாண்டிப் பத்தடி போயிருப்போம். ரயில் போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். விளையாட்டு என்று நினைத்திருக்கிறார்கள்.

இதைத்தான் புதுமை, அற்புதம் என்கிறார்கள். ஆண்டவர் காப்பாற்றினார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரம் நான் செபிக்கவேயில்லை. பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று என்று வரவேண்டியது பத்து, பன்னிரண்டு என்று வந்தது.

செபித்தது அன்று பின்னேரம். வெறும் கோயிலில் முழந்தாளிட்டு, “ஆண்டவரே, வானைத் திருத்தித் தாரும் என்று கேட்கவில்லை. ஏன் நிற்கிறது என்று காட்டும். காட்டாவிட்டால் நாளைக்கு ஒரு பிள்ளையையும் ஏற்ற மாட்டோம்” என்றேன். அழுது முடித்து, மூக்கைத் துடைக்க லேஞ்சி தேடியபோது பையிலிருந்து கொப்பி கையில் வந்தது. திறந்தேன். இத்தனை நாளும் டீசல் அளவையும் இடத்தையும்தான் பார்த்தேன். நாளைப் பார்க்கவில்லை.

செவ்வாய். புதன். செவ்வாய். செவ்வாய். புதன்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயில் பூசைக்குப் போய்த் தீர்த்தம் கொண்டுவருவேன். முதலில் வானுக்கு மேலே தெளித்தேன். வெளியே தெளித்தால் மழை கழுவிவிடுமே என்று ஒரு நாள் யோசனை வந்தது. டாங்கி மூடியைத் திறந்து அரைத் தம்ளர் உள்ளே ஊற்றினேன். மகள் அந்த வானில் போகிறாள் அல்லவா. அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும், இவர் குளிக்கும் நேரம் பார்த்து. வான் நிற்க நிற்க, விசுவாசம் போதாது என்று இன்னும் கூட ஊற்றினேன்.

மேரி அக்கா செய்வினை என்று வாயால் சொன்னார். நான் கையால் செய்தேன். பட்டம் வாங்கிய கையால்.

அடுத்த நாள் பிள்ளைகளை ஏற்றவில்லை. கராச்சுக்கு ஒரு வெறும் சோடாப் போத்தல் கொண்டுபோனேன். “பில்டருக்கு அடியில் இருக்கிற நட்டைத் திறந்து இதுக்குள்ளை பிடியுங்கோ” என்றேன்.

“இப்ப தங்கச்சி எனக்குப் பாடம் எடுக்கிறா.”

“ஒருக்காப் பிடிச்சுத்தான் பாருங்கோவன், அண்ணை” என்றார் இவர். கடவைக்குப் பிறகு இவர் சிரிப்பதில்லை.

போத்தலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தோம். மேலே டீசல் மிதந்தது. அடியில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர், கண்ணாடிபோல.

“அப்பவே சொன்னனான்! டீசல் அடிக்கிற ஷெட்டுக்காரன் தண்ணி கலந்திருக்கிறான்” என்றார் குகன் அண்ணை. அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

இவர் போத்தலைப் பறித்தார். “உவன்ரை முகத்திலை ஊத்திப்போட்டு வாறன்.” சொல்லிக்கொண்டே கராச்சில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். டாங்கியைக் கழுவுவார்கள், வான் ஓடும், பழி எண்ணெய் ஷெட்டுக்காரன் தலையில். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். காட்டும் என்று கேட்டவள், காட்டியதும் மூடி மறைக்கப் பார்த்தேன்.

“நில்லுங்கோ. நான்தான் ஊத்தினனான்.”

“என்னத்தை?”

“தீர்த்தம்.”

குகன் அண்ணை டயருக்கு மேல் குந்திவிட்டார், அப்படி ஒரு சிரிப்பு. “அந்தோனியார் துலைஞ்ச சாமான்தான் தேடித் தருவார், தங்கச்சி. எஞ்சின் ஓட்டமாட்டார்!”

“அந்த மஞ்சள் லைட் எதுக்கு அண்ணை?” என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. “அது… பில்டரிலை தண்ணி சேர்ந்தால் எரியிறது.”

“தெரிஞ்சே கழட்டினீங்களோ?”

அவர் குனிந்து வயரைத் திரும்பக் கொழுவினார். நாங்கள் இரண்டு பேரும் அன்று ஒரே தராசில் ஒரே நிறை.

இவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். “பதினொரு பிள்ளையளும் உள்ளுக்கை இருந்ததுகள்.”

டாங்கியை இறக்கிக் கழுவி, டீசல் லைனில் நின்ற காற்றை வெளியே எடுத்து, புதுப் பில்டர் போட்டார்கள். பம்ப் பழுதாகாமல் தப்பியது. அன்று தொடக்கம் வான் ஒரு தரமும் நிற்கவில்லை. ஆண்டவருக்கு நன்றி.

அதன்பின் ஒவ்வொரு பெற்றோர் வீட்டுக்கும் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பலர் பரவாயில்லை என்றார்கள். ஒரு தகப்பன் மட்டும் வாசலிலேயே நிறுத்தி, “உங்கடை பக்தியை உங்கடை பிள்ளையோடை வைச்சிருங்கோ. என்ரை பிள்ளையளை இனி ஏத்த வேண்டாம்” என்றார். அவர் செய்தது சரி.

செவ்வாய்ப் பூசைக்கு இன்னும் போகிறேன். மேரி அக்காவுக்குப் பக்கத்தில் முழந்தாளிடுகிறேன். “எங்கள் வானை ஓட்டும்” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “நான் பார்க்காததைக் காட்டும்” என்று கேட்கிறேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள், சகோதரங்களே. அவர் நிச்சயம் காட்டுவார். அந்த நேரம் வேறு யாராவது போத்தலைத் தூக்கிக்கொண்டு அயலவனை அடிக்கப் புறப்பட்டால், விட்டுவிடாதீர்கள். வாயைத் திறவுங்கள்.

அந்தத் தகப்பனின் இரண்டு பிள்ளைகளும் இப்போது பஸ்ஸில் போகிறார்கள். காலையில் பஸ் தரிப்பிடத்தைக் கடக்கும்போது எங்கள் மகள் அவர்களுக்குக் கை காட்டுவாள். நான் ஒன்று, இரண்டு என்று அவர்களையும் எண்ணிக்கொள்வேன்.