அரம் போட்ட பல் செட்டு

நான் நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன். ஆனாலும் சாத்தாங்காட்டில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படித்த இன்ஜினியர்களே பொருந்தாத சாமானைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். இரும்பில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

போன வருடம் என் மனைவிக்கு மேல்வரிசை முன்பல் நான்கு போய்விட்டன. திருவொற்றியூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மூன்று வழி இருக்கிறது என்றார். கழற்றி மாட்டும் செட்டு. இல்லாவிட்டால் பக்கத்துப் பற்களைத் தேய்த்து, அவற்றின்மேல் நிரந்தரமாக ஒட்டுகிற பிரிட்ஜ். அதுவும் வேண்டாமென்றால், எலும்பிலேயே திருகாணி இறக்கி அதில் பல் பொருத்துவது. மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன்.

"கழட்டி மாட்டறதே போடுங்கம்மா. ரிப்பேர்னா கைல எடுத்துப் பாக்கலாம்."

மெஷினுக்கு யோசிப்பது போலத்தான் யோசித்தேன்.

செட்டு வந்த வாரமே ஈறில் அழுத்திப் புண்ணாகிவிட்டது. "டாக்டரம்மாவாண்ட போனா சரி பண்ணித் தருவாங்கயா" என்றாள்.

"இதுக்கு இன்னாத்துக்கு அங்க? நான் பண்ணாத ஃபிட்டிங்கா?"

"அது இன்னா இரும்பாயா?"

நான் கேட்கவில்லை. பட்டறைக்கு எடுத்துப்போய், அழுத்துகிற இடத்தை நைஸ் அரத்தால் ராவினேன். அளவுக்கு மேல் ராவிவிட்டேன். புண் ஆறியது, ஆனால் செட்டு ஆட ஆரம்பித்தது. அவள் சொன்னபோது, "பழகிடும்மே" என்றேன்.

பேத்தியின் காதுகுத்துப் பந்தியில் சம்பந்தியம்மா ஏதோ கேலி பேச, இவள் வாய்விட்டுச் சிரித்தாள். செட்டு கழன்று பிரியாணிமேல் விழுந்தது. குழந்தைகள் சிரித்துவிட்டார்கள். அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். அதற்குப் பிறகு யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை, என்னோடும்தான். அடுப்பங்கரையில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, குழைந்த சோற்றை விழுங்குவாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் மீன்குழம்பு சாப்பிட்டேன்.

நானே மறுபடி கூட்டிப்போனேன். டாக்டரம்மா செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு தேய்ச்சது?"

"கீழ வுந்துட்ச்சி டாக்டர்" என்றாள் மனைவி. நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா அதே மூன்று வழியையும் மறுபடி சொல்லிவிட்டு, "உங்களுக்கு எதும்மா வேணும்?" என்றார். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பல் போனது அவளுக்கு, பதில் நான் சொல்ல வேண்டும். நாற்பது வருடமாக அப்படிப் பழக்கி வைத்தவன் நான்தான்.

"வுழல டாக்டர்" என்றேன். "நான்தான் அரம் போட்டு ராவிட்டேன்."

"அத்த இப்ப யாருயா கேட்டா" என்றாள். பிறகு நாற்காலியை டாக்டரம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்:

"அந்தத் திருகாணி போட்டா நண்டு துன்லாமா?"