மூன்று பறவைப் புத்தகங்கள்

அப்பா அந்தப் பையைக் கழுத்திலிருந்து ஒருபோதும் கழற்றமாட்டார் என்று அம்மா சொல்வது சற்று மிகை. குளிக்கும்போது கழற்றுவார். அப்போதும் அது அவர் கண்ணுக்குத் தெரியும் ஓர் ஆணியில் தொங்கவேண்டும். பழைய திரைச்சீலைத் துணியில் அம்மா தைத்த மண்ணிறப் பை அது. உள்ளே எங்கள் மூவரின் கனடியக் கடவுச்சீட்டுகளும் இருந்தன.

2006ஆம் ஆண்டு ஜூலையில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அந்தப் பையிலிருந்ததை நான் திருடினேன். திருடிய இடம் நமீபியாவின் வடக்கு எல்லையில், குனேனே ஆற்றங்கரையில் இருந்த ஒரு சஃபாரி முகாம்.

அப்பா பயணம் போகிறவர் அல்ல. மொன்றியல் துறைமுகத்தின் கிழக்குப் பக்கத்தில் கொள்கலன்களின் முத்திரை எண்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. உலகம் முழுவதும் சுற்றிய பெட்டிகளைத் தினமும் தொட்டாலும், அமெரிக்க எல்லை ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தும் அவர் அதைத் தாண்டியதில்லை. எங்கள் தேவாலயப் பங்குச் சனங்கள் பேருந்து பிடித்து அங்கே யாத்திரை போகும்போது அம்மாவையும் என்னையும் ஏற்றிவிட்டு வீட்டில் நிற்பார். நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் வீட்டிலிருந்து தெருமுனைத் தெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் குடியுரிமை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஒருமுறை அதை மறந்து, பாதிவழியில் நினைவு வந்து, பனியில் திரும்பி நடந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டது பெரியப்பாவால். அப்பாவின் ஒரே அண்ணன். கணித ஆசிரியர். போர் தொடங்குமுன்பே, வேலைக் கடிதத்துடனும் அந்த நாட்டு அரசாங்கம் அனுப்பிய விமானச் சீட்டுடனும் யாழ்ப்பாணத்திலிருந்து சாம்பியாவுக்குப் போனவர். பிறகு நமீபியாவின் வடக்கே ஒரு பள்ளிக்கு மாறி, கலியாணம் கட்டாமல் அங்கேயே இருந்துவிட்டார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்து இருபத்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. “குளிருக்கு நான் வரமாட்டன். நீ வா,” என்று எழுதியிருந்தார்.

விமான நிலையத்தில் தம்பியைக் கட்டிப்பிடித்த கையோடு அவர் கவனித்தது பையைத்தான்.

“உதென்ன கழுத்தில, தாலியோ?”

“பாஸ்போட் அண்ணை.”

“இஞ்ச ஆர் கேக்கப்போறான்? முதலை கேக்குமோ?”

அப்பா சிரித்தார். பை அங்கேயே இருந்தது.

இரண்டு நாள் வீதிப்பயணத்துக்குப் பிறகு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். பனையைப் போன்ற உயர்ந்த மரங்களின் கீழ், மரப்பலகைத் தளங்களில் எட்டுக் கூடாரங்கள். சற்றுத் தள்ளி ஓர் அருவி. அதன் இரைச்சல் முதல் நாள் என்னைப் பேசவிடவில்லை. இரண்டாம் நாள் காதில் விழவே இல்லை. ஆற்றில் இறங்கவேண்டாம், முதலை உண்டு என்று ஒவ்வொரு கூடாரத்திலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய பறவைப் புத்தகம் தந்தார்கள். கண்ட பறவைக்கு நேரே ஒரு கோடு போடவேண்டும். எங்கள் கடவுச்சீட்டைப் போலவே கருநீல அட்டை. அந்த நீலம்தான் பெரியப்பாவுக்கு யோசனையைக் கொடுத்திருக்கவேண்டும்.

முகாமின் படகோட்டி பெரியப்பாவின் பழைய மாணவன். கணிதத்தில் இரண்டு முறை தவறியவன் என்று பெரியப்பா அவன் முன்னாலேயே சொல்லுவார். அவனும் அதைப் பெருமையாகத் தலையாட்டி ஒப்புக்கொள்ளுவான். அவன் ஹிம்பா இனத்தவன். இருபது நிமிட நடையில் அவன் வீடு. அவன் அம்மா, செங்காவி மண்ணும் வெண்ணெயும் குழைத்துப் பூசிய கையால் என் கன்னத்தைத் தடவி, தோளில் கைவைத்து, நான் ஏன் இவ்வளவு மெலிவு என்று கேட்டார். அந்த ஐந்து விரல் அடையாளம் என் வெள்ளைச் சட்டையிலிருந்து பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை.

அவருடைய தம்பி ஆற்றின் மறுகரையில் இருந்தார். மறுகரை அங்கோலா. இந்தச் சனங்களுக்கு மாடுகள் தாய்மாமன் வழியாகச் சொத்தாக வருவதாகப் பெரியப்பா விளக்கினார். “அப்ப எங்கட ஆக்கள் மாதிரித்தான்,” என்று அம்மா திருப்திப்பட்டார். அந்த மாமா வாரத்தில் இரண்டு நாள் மரத்தோணியில் இக்கரைக்கு வந்து அக்காவோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவாராம்.

“அப்ப அவருக்கு விசா?” என்று அப்பா கேட்டார்.

அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பெரியப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “விசாவோ? மாட்டுக்கும் எடுக்கவேணுமோ?”

மறுநாள் காலை பெரியப்பா என்னை நதியோரம் கூட்டிப்போய்த் திட்டத்தைச் சொன்னார். பைக்குள் இருக்கும் மூன்று கடவுச்சீட்டுகளை எடுத்து அவரிடம் தரவேண்டும். அந்த இடத்தில் மூன்று பறவைப் புத்தகங்களை வைக்கவேண்டும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்ளுவார். எனக்குக் கூலி, படகின் சுக்கானைப் பிடிப்பது.

குளிக்கும் இடம் நாணல் தட்டியால் அடைத்த, கூரையில்லாத மறைப்பு. பை வாசல் நிலையில் அடித்த ஆணியில் தொங்கியது. தட்டிக்கும் நிலைக்கும் நடுவே என் கை போகும் அளவுக்கு இடைவெளி. அப்பா முகத்தில் சவர்க்காரம் போடும்வரை காத்திருந்தேன். நான் எடுத்தபோது கடவுச்சீட்டுகள் அவர் உடம்பின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தன. பறவைப் புத்தகங்கள் குளிராக இருந்தன. அவர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். அவர் ஈரக் கழுத்தில் பையை மாட்டி, வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப்பார்த்து, திருப்தியாக வந்தார்.

பத்து மணிக்குப் படகு புறப்பட்டது. அருவிக்கு வெகுதூரம் மேலே ஆறு ஒரு குளம்போலக் கிடந்தது. நடுவில் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தி, இனி அங்கோலா என்று அறிவித்தான். அப்பாவின் கை பைக்குப் போனது.

மறுகரையில் மணல்திட்டில் படகு முட்டியது. அம்மாவும் நானும் இறங்கினோம். அப்பா இறங்கவில்லை.

“இறங்கடா. கால வைச்சிட்டு ஏறு. பிள்ளை ஒரு படம் எடுக்கட்டும்.”

“பரவாயில்லை அண்ணை. நீங்கள் எடுங்கோ.”

“கழுத்தில கனடா தொங்குது. பேந்தென்ன பயம்?”

அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்ததால் அப்பா இறங்கினார். ஒரு கால் மணலில், மற்றக் கால் தண்ணீரில்.

அப்போது மரநிழலிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். படகோட்டியின் மாமா. இடுப்பில் அவர்கள் வழக்கப்படி சுற்றிய துணி, கழுத்தில் உலோக வளையங்கள், கார்ச்சக்கர இறப்பரில் வெட்டிய செருப்பு. அதற்கு மேல் கை குட்டையான ஒரு காக்கிச் சட்டை. தலையில் பெரியப்பாவின் பள்ளி வாத்தியக் குழுவின் தொப்பி. கையில் மாணவர் வரவுப் பதிவேடு. பின்னால் இரண்டு ஆடுகள் வந்தன. உலகத்தில் எந்த அரசாங்கத்துக்கும் அப்படி ஓர் அதிகாரி இருக்கமுடியாது. நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அவர் அப்பாவின் முன்னால் நின்று, “டொக்குமென்டோஸ்,” என்றார்.

பத்திரங்களைக் கேட்கும் அந்தப் போர்த்துக்கேயச் சொல் பெரியப்பா சொல்லிக்கொடுத்தது அல்ல. அந்தக் கரையில் பல வருடங்கள் போர் நடந்து, முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அந்தச் சொல்லையும் அந்தக் குரலையும் அவர் தன்னிடம் கேட்டவர்களிடமிருந்து கற்றிருந்தார்.

அப்பா பையை இழுத்த வேகத்தில் நாடா அறுந்தது. முதல் புத்தகத்தை எடுத்தார். அட்டையில் ஒரு மீன்கொத்தி. இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதையும். மூன்றையும் ஒழுங்காக அடுக்கித் திரும்பப் பைக்குள் வைத்தார். இப்போது திரும்பி எங்களைப் பார்ப்பார், இப்போது சிரிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி நேராக நின்றார்.

“நோமே?” என்றார் மாமா. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, பெயரைக் கேட்கிறார் என்று விளங்கியது.

அப்பா ஆங்கிலத்தில் பதில் சொன்னார். செபமாலை சொல்லும் வேகத்தில், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில்.

“பெயர் பெருமாள். தகப்பன் பெயர் கோவிந்தன். பிறந்த இடம் ஈப்போ, மலேசியா.”

இரண்டு புனிதர்களின் பெயரைச் சுமப்பவர் அப்பா. ஞாயிறு பூசையில் இரண்டாம் வாசகம் வாசிப்பவர். அவர் கோவிந்தனின் மகன் பெருமாளாக நின்றது எனக்குத் தாங்கமுடியாத பகிடியாக இருந்தது. அப்பா எங்கள் விளையாட்டைக் கண்டுபிடித்து, எங்களைவிடப் பெரிதாக விளையாடுகிறார். நான் கைதட்டினேன்.

சத்தம் கேட்டு அவர் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அதே குரலில், “இவர்களை எனக்குத் தெரியாது. நான் தனியாகப் பயணம் செய்கிறேன்,” என்றார்.

“பொய்! இது என்ரை அப்பா,” என்று நான் ஆங்கிலமும் தமிழுமாகக் கத்தினேன். அம்மாவின் கை என் வாயை மூடியது. அது விளையாட்டான மூடல் அல்ல. பல்லில் பட்டு உதடு வலித்தது.

முதலில் விளங்கிக்கொண்டவர் அந்த மாமாதான். பதிவேட்டை மூடினார். தொப்பியைக் கழற்றிப் பெரியப்பாவின் கையில் கொடுத்தார். படகோட்டியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் அதை மொழிபெயர்க்கவில்லை.

“தம்பி,” என்றார் பெரியப்பா. “பகிடிக்கடா. சும்மா பகிடிக்கு.” சட்டைக்குள்ளிருந்து மூன்று கடவுச்சீட்டுகளையும் எடுத்து நீட்டினார்.

“ஓம் அண்ணை. தெரியும்.”

தெரியும் என்று சொல்லிவிட்டு அப்பா குனிந்து, முதலை இருக்கும் அந்த ஆற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவினார். படகோட்டி கூப்பிட்டும் அவர் நிறுத்தவில்லை.

திரும்பும்போது படகோட்டி வாக்கு மாறாமல் சுக்கானை என் கையில் கொடுத்தான். நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்று பின்னேரம் பெரியப்பா முகாமின் சமையலறையில் ஊசி நூல் வாங்கி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அறுந்த நாடாவைத் தைத்தார். கணித ஆசிரியரின் தையல். ஒவ்வொரு குத்தும் ஒரே இடைவெளி. அப்பா எதிரில் இருந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்து, கடவுச்சீட்டுகளை உள்ளே வைத்து, எழுந்து வந்து, “குனியடா,” என்றார். அப்பா சின்னப் பிள்ளைபோலத் தலையைக் குனிந்து கொடுத்தார். எஞ்சிய மூன்று நாளும் பெரியப்பா அந்தப் பையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அப்பா என் மேல் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அதையும் நான் வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து, நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அம்மா சொன்னார். பெருமாள் என்பது, போருக்குத் தப்பிக் கனடா வர ஏஜென்சிக்காரன் அப்பாவுக்குக் கொடுத்த கள்ள மலேசியக் கடவுச்சீட்டின் பெயர். அந்தப் பெயரோடு பதினொரு மாதம், மூன்று நாடுகள். கூட வந்த ஆட்களை எங்கே கேட்டாலும் தெரியாது என்று சொல்லவேண்டும் என்பது கட்டளை. ஒரு விமான நிலையத்தில், ஊரில் ஒரே வகுப்பில் படித்த நண்பனைக் காட்டி இவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். அப்பா தெரியாது என்றார். நண்பனைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாரும் ஒன்றும் கேள்விப்படவில்லை. ஆற்றங்கரையில் நின்ற அன்றுவரை அம்மாவுக்கும் இது தெரியாதாம்.

அந்த மாமா படகோட்டியிடம் சொன்னதைப் பெரியப்பா ஒருமுறை தொலைபேசியில் எனக்குச் சொன்னார். “இந்த ஆளை முன்னமே ஆரோ இப்பிடி நிக்கவைச்சுக் கேட்டிருக்கினம்.”

ஆனால் பத்து வயதில் எனக்கு இவை ஒன்றும் தெரியாது. மொன்றியலுக்கு வந்து இறங்கியபோது குடிவரவு அதிகாரி மூன்று கடவுச்சீட்டுகளையும் புரட்டி, வரவேற்றுத் திருப்பிக் கொடுத்தாள். அப்பா மெர்சி என்று நன்றி சொன்னார். வீட்டுக்குப் போகும் டாக்சியில் எனக்குப் பெருமாளின் நினைவு வந்தது.

“அப்பா, பெருமாளுக்குப் பிள்ளையள் இருக்கோ?”

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்பா பையின் நாடாவைச் சரிசெய்தார்.

“இல்லை. அவன் தனிய.”

“பாவம். அவரையும் இஞ்ச கூப்பிடுங்கோவன்.”

“அவன்தான், என்ரை குஞ்சு, முதல்ல வந்தவன்.”

நான் அதை அப்படியே நம்பினேன். பெருமாள் என்று ஒருவர் எங்களுக்கு முன்பே வந்து, இந்த நகரத்தில் எங்கோ இருக்கிறார். அந்த இலையுதிர்காலம் முழுவதும் மெற்றோவில் தனியாக வரும் தமிழர் யாரைக் கண்டாலும் அவராக இருக்குமோ என்று பார்த்தேன். ஒரு சனிக்கிழமை, வில்லா-மரியா நிலையத்தில் ஏறிய ஒருவரை அப்பாவுக்கே காட்டினேன். அப்பாவின் வயது, நரைத்த தலை, கையில் மரக்கறிப் பை.

“அப்பா, இவரோ?”

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அந்த ஆளின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இல்லை,” என்றார். “இவர் இல்லை.”

பிறகும் அந்த ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பாவும் பெருமாளைத்தான் தேடுகிறார் என்று நினைத்து, நான் அடுத்த பெட்டியையும் எட்டிப் பார்த்தேன்.