மாமியார் குளிப்பாட்டிய கேஸ் ஓவன்

சுக்கு, மிளகு, ஈரச் சாக்கு... எழுபதுகளில் மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே மூக்கில் ஏறும் நெடி இது. ரெண்டு பக்கமும் கிடங்குகள். புதுசாக வருகிறவர்கள் நாலு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்கள். கல்யாணமாகி நாலு மாசத்தில் எனக்கு அது பழகிவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீஸ் வேலை. அங்கே தேயிலைக் கம்பெனி துரை ஒருத்தர் ஊரைக் காலி பண்ணிப் போகும்போது வீட்டுச் சாமானையெல்லாம் விற்றார். அதில் ஒரு கேஸ் ஓவன். மேலே நாலு பர்னர், கீழே கதவு வைத்த ஓவன்.

பக்கத்து வீட்டு குஜராத்திப் பெண் கொடுக்கும் நான்கட்டாய் பிஸ்கட்டை நானே சுட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. நச்சரித்து வாங்க வைத்தேன். வள்ளத்தில் ஏற்றி, படகுத்துறையிலிருந்து தள்ளுவண்டியில் வந்து இறங்கியது.

மாமனாருக்குத் துளிகூடப் பிடிக்கவில்லை.

"ஏதாவது ஒரு கொழப்பம் வந்துதோ, அன்னைக்கே இது வெளில போயிடும். கேட்டியா?"

"நான் பாத்துக்கறேன் அப்பா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சும்மா இல்லை. கூடவே வந்த குட்டிப் புத்தகத்தை மூணு தரம் படித்திருந்தேன். முதலில் தீக்குச்சியைக் கிழி, அப்புறம் குமிழைத் திருகு. பற்ற வைக்கும்போது ஓவன் கதவு திறந்தே இருக்கட்டும். பர்னரில் தண்ணீர் விடாதே, பிழிந்த துணியால் துடை. துளை அடைத்தால் ஊசியால் குத்திவிடு... எல்லாம் தலைகீழ்ப் பாடம். அந்த ஓவன் வெளியே போனால், அந்த வீட்டில் என் பேச்சுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் கூடவே போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் இல்லாத சமாசாரம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மடி.

"துரை வீட்டு அடுப்பு! இதுக்குள்ள என்னத்தையெல்லாம் வெச்சு சுட்டாளோ, பகவானே. கழுகாம என் அடுக்களைல ஏத்தமாட்டேன்" என்றாள் மாமியார். நான் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

ஓவன் நேராகக் கிணற்றடிக்குப் போனது. நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதற்கு அபிஷேகமே நடந்திருக்கிறது. சாம்பல், புளி, மஞ்சள் தண்ணி, குடம் குடமாக! குமிழ்களைக்கூட விடாமல் திருகித் திருகித் தேய்த்திருக்கிறாள். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. திரும்பி வந்தபோது அது பளபளவென்று அடுக்களையில் நின்றது. துடைத்திருப்பாள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஓவனுக்குப் பூஜை. முன்னால் கோலம், கதவில் சந்தனம் குங்குமம். என் வீட்டுக்காரர் டியூபை மாட்டி, சிலிண்டரைத் திறந்துவைத்துவிட்டு ஆபீஸ் போகும் படகைப் பிடிக்க ஓடினார்.

அம்மா பூஜை அறையில் கற்பூரத்தை ஏற்றி, தட்டோடு அடுக்களைக்கு நடந்தாள். பின்னாலேயே நான். வாசல்படி கிட்ட வந்ததும்... குப்பென்று அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். கேஸ்!

"அம்மா, நில்லுங்கோ!"

அவள் வாயில் சுலோகம். நிற்கவில்லை. ஒரே தாவாகத் தாவி, தட்டுக்கு மேல் குனிந்து, கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தேன்.

அப்புறம் ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். ஓவன் குமிழ் பாதி திறந்து கிடந்தது, அதையும் மூடினேன். ஜன்னல், கொல்லைக் கதவு எல்லாம் திறந்தேன். "சுவிட்சை யாரும் தொடாதீங்கோ" என்று கத்திக்கொண்டே எல்லாரையும் முற்றத்துக்குத் துரத்தினேன்.

அங்கே போய் நின்றதும்தான் பயமே வந்தது. கேஸ் பயம் பாதி. மீதி... வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, நாலு மாச மாட்டுப்பெண், சுவாமி கற்பூரத்தை வாயால் ஊதியிருக்கிறேன்!

மாமனார் குதித்தார். "நான் அன்னைக்கே சொன்னேன். இந்த சவத்த இப்பவே வெளில தூக்குங்கோ! எல்லாம் இவ பிடிவாதம்."



அணைந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "ஓவன் ஒண்ணும் பண்ணலை. அவளும் ஒண்ணும் பண்ணலை. நான்தான் தண்ணி கோரி ஊத்தி, அந்தத் திருகாணியெல்லாம் திருகித் தேச்சேன். திரும்ப மூடினேனான்னு பார்க்கலை. தப்பு என்னோடது."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ ஊதினது நன்னாச்சு" என்றாள். அவ்வளவுதான். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அன்று முழுக்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பர்னர் துளைகளிலிருந்து சாம்பலைக் குத்தி எடுத்தோம். டியூப் மாட்டின இடத்தில் சோப்புத் தண்ணி தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். சனிக்கிழமை நான்கட்டாய் சுட்டேன். முதல் ஈடு அடியில் கருகிப்போச்சு. அதிலேயே மாமனார் நாலு எடுத்துத் தின்றார். ஓவன் அந்த அடுக்களையிலேயே வருஷக்கணக்கில் இருந்தது.

இப்போது காக்கநாட்டில் மகனோட ஃபிளாட்டில் இருக்கிறேன். இங்கே இருக்கிற ஓவனுக்குத் தீக்குச்சியே வேண்டாம். தீ அணைந்தால் கேஸும் தானாக நின்றுவிடும். அன்றைக்கு என் மூக்கு செய்த வேலையை இன்று மெஷினே செய்துவிடுகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் போன வாரம், நெய் சொட்டிக் கறையாகக் கூடாது என்று ஓவன் அடித்தட்டில் அலுமினியத் தாளை விரித்து வைத்தேன். காற்றுத் துளையெல்லாம் அடைந்து, தீ நிற்காமல் அணைந்து அணைந்து போனது. மருமகள் காவ்யா தாளைக் கண்டுபிடித்து, "யாரும்மா இதப் போட்டது?" என்றாள்.

"லதாவா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். லதா எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவள். பாவம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு அம்மாவுக்குத் தன் தப்பைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை. புருஷன் குதித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு வாரமாக வாய் வரவில்லை.

காவ்யா, நீ என் போஸ்ட் ஒன்றுவிடாமல் படிப்பாய் என்று தெரியும். தாளை விரித்தது நான்தான். நாளைக்குக் காலையில் லதா வந்ததும் அவளிடம் நானே சொல்கிறேன்... நீயும் பக்கத்தில் இரு.