தண்ணீராகாத ஐஸ்

பக்ரீத் கறியில் அக்காவுக்கென்று ஒரு பங்கை அம்மா எடுத்துவைக்காத வருஷம் இல்லை. அது பெங்களூர் போய்ச் சேர்ந்த வருஷமும் இல்லை. அங்கே வேலைக்குப் போன அக்கா, தானே ஒருவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அத்தா அவளோடு பேசுவதில்லை. “ரோட்லயே நாறிடும், இங்கயே யாருக்குனா குடு” என்பார். கறியைப் பற்றித்தான் கவலையாம்! அம்மா அந்தப் பங்கைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டு வருவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன பக்ரீத்துக்கு இந்தச் சாக்கை ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்தேன். நந்தனத்தில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் சில மாதிரிகளை டிரை ஐஸில் வைத்து வெளியூருக்கு அனுப்புவோம். கரியமில வாயுவை அழுத்திக் குளிரவைத்துக் கட்டியாக்கியதுதான் டிரை ஐஸ். அதைக் கொண்டுவருபவரிடமே சொல்லிக் கொஞ்சம் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் மயிலாப்பூர் வீட்டுக்கு எடுத்துவந்தேன். மாமா மகன் பக்ரீத்துக்கு மறுநாள் மதியம் காரில் பெங்களூர் கிளம்புவதாக இருந்தான். கறி முந்தின நாளே ஃப்ரீஸரில் கல்லாகியிருந்தது.

“இன்னாடா, ஐஸா? உருகித் தண்ணி வுட்டு, கறி பூரா ஊறிப்பூடும்” என்றார் அத்தா.

“இது தண்ணியே ஆவாது அத்தா. கட்டியா கீறது அப்படியே காத்தாப் பூடும்.”

“யார்கிட்ட கதை வுடுற?”

இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து எவர்சில்வர் தட்டில் வைத்தேன். தட்டு கிறீச்சென்று கத்தியது. தொடப்போன அவர் கையைத் தடுத்து, வெறுங்கை பட்டால் புண்ணாகிவிடும் என்றேன். ஐஸ் சுடுமா என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேப்பர் படிக்கிற பாவனையில் அந்தத் தட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு சுண்டைக்காயாகி, மிளகாகி, இல்லாமல் போயிற்று.

“தோ, ஈரம் கீதே!” பிடித்துவிட்டார்.

“அது நம்ம ஊரு காத்துல கீற ஈரம். சில்லுனு ஆன தட்டுல படிஞ்சிருக்கு. சோடா பாட்டில் வெளிய வேர்க்கலியா?”

விரலால் தடவிப் பார்த்தார். துடைத்தால் போகிற அளவுதான் இருந்தது. அடுத்த சாக்கு எதுவும் கைவசம் இல்லாததால் மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். நான் அம்மாவிடம், வாயு வெளியேற வழி வேண்டும், மூடியை இறுக்கிவிடாதே என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

அக்காவுக்குப் போகிற எதையும் அம்மாவுக்கு லேசாக மூடத் தெரியாது. திரும்பி வந்தபோது பெட்டி முழுக்க பிரௌன் டேப். இண்டு இடுக்கு விடவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அத்தா தரையில் உட்கார்ந்திருந்தார். தன் சோபா கடையில் ரெக்ஸின் தைக்கிற கோணி ஊசியால் மூடியின் ஓரமெல்லாம் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“காத்து போவ வழி வோணாமா? உங்கம்மா குண்டு கட்டி வெச்சுக்கீறா” என்று முணுமுணுத்தார். கேலி செய்ய எனக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் பெட்டி நகராமல் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பெட்டியை அவரே தூக்கிப்போய்க் காரில் வைத்தார். “கண்ணாடிய கொஞ்சம் எறக்கியே ஓட்டு. இந்தக் காத்து உள்ள சேந்தா தல சுத்துமாம்” என்று மாமா மகனிடம் சொன்னார்.

அன்று ராத்திரி அக்கா அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“கறி கல்லு மாதிரி வந்துச்சும்மா. அத்தாவுக்குத் தெரியுமா?”

அம்மா போனை அவர் பக்கம் நீட்டினாள். அவர் குனிந்து, “ஒழுங்கா வந்துச்சா?” என்றார்.

“வந்துச்சு அத்தா” என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

அக்காவின் கணவரை அதுவரை அவர் எந்த உறவு சொல்லியும் குறிப்பிட்டதில்லை.

“ஆக்குனதும் மாப்ளைக்கு மொதல்ல போடு” என்றார்.